சாக நினைத்தவருக்கு மூன்று மதிப்பெண்

இந்தியாவில் மனம் சரியில்லாதவருக்கு மருத்துவர் கிடைப்பது குதிரைக்கொம்பு. கேள்வித்தாள் கிடைப்பது வெகு சுலபம். கல்லூரியில் சேர்ந்தால் ஒன்று வரும். நர்ஸிங் படித்தால் வருஷத்துக்கு இரண்டு வரும். பிரசவ வார்டில் ஒன்று, டயாலிசிஸ் வார்டில் ஒன்று, போலீஸ் குடியிருப்பில் ஒன்று, முதியோர் இல்லத்தில் ஒன்று. கொரோனா நாட்களில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்களின் செல்போனில் வந்து விழுந்தவற்றுக்குக் கணக்கே இல்லை. ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூடத் தேறாத நாட்டில், நம் கவலையை அளந்து எழுதிக்கொண்டு போக மட்டும் ஆள் வந்துகொண்டே இருக்கிறது.

இப்படி ஓகோவென்று வளரும் மனநல ஆய்வுத் துறையில் பெயரும் பதவியும் அடைய விரும்பும் தம்பி தங்கைகளுக்காக, துறைக்குள் எல்லோருக்கும் தெரிந்த சூட்சுமங்கள் சிலவற்றைத் தொகுத்துத் தருகிறேன். கட்டணம் இல்லை. நன்றியுரையில் என் பெயரைப் போடாமல் இருந்தால் போதும்.

முதலில் தலைப்பு. இதற்காக மூளையைக் கசக்க வேண்டாம். ஒரு நோய், ஒரு கூட்டம், ஒரு ஊர். மூன்றையும் கோத்தால் தலைப்பு தயார். 'ஈரோடு மாவட்டத் தனியார் நர்ஸிங் கல்லூரி முதலாமாண்டு மாணவியரிடையே மனச்சோர்வும் அதன் காரணிகளும்.' அடுத்த வருஷம் உங்கள் ஜூனியர் இதையே சேலத்தில் செய்வார். அவருடைய ஜூனியர் நாமக்கல்லில் செய்வார். முதலாமாண்டு தீர்ந்தால் இரண்டாமாண்டு இருக்கிறது. மனச்சோர்வு தீர்ந்தால் பதற்றம் இருக்கிறது, தூக்கமின்மை இருக்கிறது, செல்போன் மோகம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள். பெருக்கிப் பாருங்கள், பேரப்பிள்ளைகள் காலம் வரை தாங்கும்.

அடுத்தது ஆட்கள். உண்மையான நோயாளியைத் தேடிப் போகாதீர்கள். அவர் பஸ் போகாத கிராமத்தில் இருப்பார். வீட்டின் பின்கட்டில், உறவுக்காரர் கண்ணில் படாமல் வைக்கப்பட்டிருப்பார். தர்கா வாசலிலோ கோயில் மண்டபத்திலோ பேருந்து நிலையத்திலோ கிடப்பார். பதில் சொல்ல அவருக்கு நேரம் பிடிக்கும்; உங்களுக்கோ சினாப்சிஸ் கெடு நெருங்கும். கல்லூரிப் பிள்ளைகளோ ஃபேன் ஓடும் அறையில் வருகைப்பதிவோடு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். 'விருப்பம் இருந்தால் மட்டும் பங்கேற்கலாம்' என்று படிவத்தில் அச்சடித்திருக்கும். 'நிரப்பாதவங்க எழுந்து நில்லுங்க' என்று துறைத்தலைவர் சொல்வார். இன்டர்னல் மார்க் போடுகிற கை நீட்டும் தாளை எந்தப் பிள்ளை மறுக்கும்?

மேலைநாட்டுக் கல்லூரி மாணவர்களைக் கேள்வி கேட்டுவிட்டு, மனித மனம் இப்படித்தான் என்று உளவியல்காரர்கள் உலகத்துக்கே சட்டம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என 2010இல் ஜோசப் ஹென்ரிக்கும் அவருடைய சகாக்கள் இருவரும் போட்டு உடைத்தார்கள். அதிலிருந்து நாம் நல்ல பாடம் கற்றோம். இப்போது நம் கல்லூரி மாணவர்களைக் கேட்டுவிட்டு எழுதுகிறோம்.

மூன்றாவது, அளவுகோல். சொந்தமாகச் செய்ய வேண்டியதில்லை, ரெடிமேடாகவே கிடைக்கிறது. பி.எச்.க்யூ-9 என்பது இருப்பதிலேயே பிரபலம். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்விகள். இல்லவே இல்லை என்றால் பூஜ்யம், சில நாட்கள் என்றால் ஒன்று, பாதி நாட்களுக்கு மேல் என்றால் இரண்டு, கிட்டத்தட்ட தினமும் என்றால் மூன்று. மொத்தம் 27. பத்தைத் தொட்டால் கவனிக்க வேண்டிய மனச்சோர்வு, ஒன்பதில் நின்றால் லேசானது. தமிழிலும் இருக்கிறது, காசு கொடுக்க வேண்டாம். ஏன் இலவசம் என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: இதை உருவாக்க மானியம் கொடுத்தது ஃபைசர் கம்பெனி. மனச்சோர்வுக்கு ஸோலோஃப்ட் என்ற மாத்திரை விற்ற அதே ஃபைசர். கேள்வித்தாளில் குறை சொல்ல நான் வரவில்லை, மருத்துவர் கையில் அது நல்ல கருவிதான். யார் கையில், எதற்காக என்பதுதான் விஷயம்.

ஒன்பதாவது கேள்விக்கு வருவோம்.

இரவு பதினொன்றரை மணி. ஹாஸ்டல் கட்டில். 'நாளை காலை பத்து மணிக்குள் அனைவரும் நிரப்பவும், ஹெச்.ஓ.டி. மேடம் கேட்பார்' என்று கிளாஸ் குரூப்பில் ஒரு கூகுள் ஃபார்ம் இணைப்பு வந்திருக்கிறது. ஒரு பெண் வட்டங்களைத் தொட்டுக்கொண்டே இறங்குகிறாள். தூக்கம், பசி, களைப்பு எல்லாம் தாண்டி ஒன்பதாவதில் விரல் நிற்கிறது. செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வருகிறதா? அவள் யாரிடமும் சொல்லாத விஷயம் அது. அம்மாவிடம் சொன்னால் அழுவாள். அப்பாவிடம் சொன்னால் படிப்பை நிறுத்திவிட்டு மாப்பிள்ளை பார்ப்பார். அறைத்தோழியிடம் சொன்னால் காலையில் மெஸ்ஸில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். முதல் தடவையாக ஒரு இடம் கேட்கிறது. 'கிட்டத்தட்ட தினமும்' என்பதைத் தொடுகிறாள். அனுப்புகிறாள். திரையில் வருகிறது: 'உங்கள் பதில் பதிவு செய்யப்பட்டது.'

அவ்வளவுதான், பதிவு செய்யப்பட்டது. எக்ஸெல் தாளில் அவளுக்கு ஒரு வரிசை, அந்தக் கட்டத்தில் மூன்று மதிப்பெண். அன்றிரவு அதை யாரும் பார்க்கவில்லை. மறுநாளும் பார்க்கவில்லை. சாம்பிள் நிறையும் வரை காத்திருந்து, மாதங்கள் கழித்து, காசு வாங்கிக்கொண்டு புள்ளிவிவரம் போட்டுத் தருகிறவர் அந்தத் தாளைத் திறப்பார். அவருக்கும் அவள் ஒரு மூன்றுதான். சராசரி, திட்ட விலக்கம், ஒரு வண்ணப் படம். கட்டுரையின் முடிவுரையில், 'கணிசமான மாணவியரிடம் தற்கொலை எண்ணம் காணப்பட்டது, கல்லூரிகளில் ஆலோசகர்கள் நியமிக்கப்பட வேண்டும்' என்று ஒரு வரி வரும். ஆலோசகரை நியமிக்க வேண்டியவர் யார்? கட்டுரையில் கடைசி ஆசிரியராகப் பெயர் போட்டுக்கொண்ட அதே துறைத்தலைவரும், நன்றியுரையில் வணங்கப்பட்ட அதே முதல்வரும், தாளாளரும்தான்.

ஏன் அவளைக் கூப்பிடவில்லை என்று கேட்டுப் பாருங்கள். 'பெயரே வாங்கவில்லையே, ரகசியம் காக்க வேண்டுமே, அதுதானே ஆய்வு நெறி' என்பார்கள். ரகசியம் காப்பது நெறிதான். ஒருத்தி சாக நினைக்கிறேன் என்று எழுதிக் கொடுத்த பிறகு, அவள் யாரென்று எனக்குத் தெரியாது என்று கையை விரிப்பதற்கு ஏற்றபடி படிவத்தைத் தயாரிப்பதும் நெறியா? படிவத்தின் கடைசியில் உதவி எண் ஒன்றைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதே வாரம் நேரில் போய் உட்கார்ந்து பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் காலில் விழலாம். மற்றவர்கள் செய்வது என்ன? பந்தியில் உட்கார வைத்து, இலை போட்டு, எவ்வளவு பசி என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதிக்கொண்டு, இலையை எடுத்துக்கொண்டு போவது.

கல்லூரிப் பிள்ளைகள் சலித்துப்போனால் நோயாளியின் குடும்பம் இருக்கிறது. 'பராமரிப்பாளர் சுமை' என்று இதற்குப் பெயர். ஸாரிட் என்பவர் பெயரில் 22 கேள்விகள் கொண்ட அளவுகோல் உண்டு. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவின் வாசலில் ஓ.பி. சீட்டோடு ஒரு தாய் உட்கார்ந்திருப்பார். விடியற்காலை முதல் பஸ்ஸில் வந்தவர். பக்கத்தில் முப்பது வயது மகன், சட்டைப் பொத்தானைப் போட்டுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருப்பான். பி.ஜி. மாணவர் எதிரில் ஸ்டூல் போட்டு உட்காருவார். மகனைப் பார்த்துக்கொள்வதால் உங்களுக்கென்று நேரம் இல்லாமல் போகிறதா? உடம்பு கெட்டுப்போனதாக நினைக்கிறீர்களா? கைக்காசு போதவில்லையா? எப்போதாவது, அடிக்கடி, எப்போதும். அந்தம்மா 22 கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டுத் தன் பங்குக்கு ஒன்று கேட்பார்: 'தம்பி, போன மாசம் அந்த வெள்ளை மாத்திரை இல்லைன்னுட்டாங்க. இன்னிக்காவது இருக்குமா?' இருபத்து மூன்றாவது கேள்வி அளவுகோலில் கிடையாது. அதனால் தம்பியிடம் பதிலும் கிடையாது. 'ஃபார்மஸில கேளுங்கம்மா' என்பார். ஆய்வின் முடிவு: மனநோயாளியின் தாய்க்குப் பாரம் அதிகம், பி மதிப்பு 0.001க்கும் கீழே. பெற்றவளுக்குப் பாரம் உண்டு என்பதைப் புள்ளியியல் மெய்ப்பித்துவிட்டது. இனி அந்தம்மா நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

அந்தப் பி.ஜி. மாணவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. காலையில் ஓ.பி., மதியம் வார்டு, இரவு டியூட்டி, நடுவில் தீசிஸ். தீசிஸ் இல்லாமல் பரீட்சை இல்லை. கைடு சொன்ன தலைப்பு, சீனியர் கொடுத்த படிவம். அவர் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று கேட்க எந்த அளவுகோலும் அவர் பக்கம் திரும்புவதில்லை. அப்படி ஒன்று வந்தாலும் அது இன்னொரு ஜூனியரின் தீசிஸாகத்தான் இருக்கும்.

இதையெல்லாம் செய்யக்கூடச் சோம்பலா? குப்புசாமி இருக்கிறார். குடும்பத்தின் படிப்பு, தொழில், வருமானம் மூன்றையும் கூட்டி மேல்தட்டு, நடுத்தட்டு, கீழ்த்தட்டு என்று பிரிக்க பி. குப்புசாமி 1976இல் ஓர் அளவுகோல் தந்தார். மருத்துவ மாணவர் எவரும் அவரைத் தாண்டிப் போக முடியாது. விலைவாசி ஏற ஏற அதில் உள்ள வருமான வரம்பைத் திருத்த வேண்டும். விலைவாசிக் குறியீட்டெண்ணைப் பார்த்துப் பெருக்கினால் புது வரம்பு வந்துவிடும். அந்தப் பெருக்கலைச் செய்து, 'திருத்திய குப்புசாமி அளவுகோல்' என்று கட்டுரை போட்டவர்கள் ஒருவர் இருவர் இல்லை. அரிசி விலை ஏறியதால் இந்த நாட்டில் பயன் அடைந்தவர்கள் என்று இவர்களைத்தான் சொல்ல முடியும்.

ஆய்வு முடிந்தது, அச்சேற்ற வேண்டாமா? கட்டுரை இருந்தால் பதவி உயர்வு, இல்லாவிட்டால் இருந்த நாற்காலி என்று விதி எழுதி வைத்திருக்கிறோம். விதி வந்த கையோடு கடையும் வந்தது. காசு கட்டினால் ஒரு வாரத்தில் ஏற்பு, 'சர்வதேச' என்று தொடங்கும் பெயர். இப்படி மலிந்துபோய், 2018 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழு தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரே வீச்சில் நீக்கியது. அந்தப் பட்டியலில் அவற்றை ஏற்றியது யார் என்று கேட்காதீர்கள், அதே குழுதான். இதழ்கள் போயின. அவற்றைக் காட்டி வாங்கிய பதவிகள் போயினவா? அக்டோபர் 10 உலக மனநல நாளன்று மேடையில் பாருங்கள். குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு, மதியம் பஃபே. 'களங்கம் நீக்குவோம்' என்ற பேனருக்குக் கீழே எல்லோரும் நிற்பார்கள். எல்லோரும் என்றால் நோயாளி நீங்கலாக எல்லோரும்.

நம் ஊர் ஆட்கள்தான் இப்படி என்று யாரும் வெள்ளைக்காரனைத் தலையில் தூக்கி வைக்க வேண்டாம். நாம் சில்லறை வியாபாரிகள், மொத்த வியாபாரம் அங்கே நடந்தது. மனச்சோர்வு மருந்துகள் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் பதிவான 74 பரிசோதனைகளை எரிக் டர்னர் குழு தோண்டி எடுத்து 2008இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்டது. மருந்து வேலை செய்கிறது என்று அத்துறை ஏற்றவை 38. அதில் 37 அச்சில் வந்தன. சந்தேகம் அல்லது தோல்வி என்று அத்துறை கருதியவை 36. அதில் 22 அச்சுக்கே வரவில்லை. 11 வெற்றி போன்ற தோற்றத்தில் வந்தன. தோல்வியைத் தோல்வி என்று அச்சிட்டவை மூன்று. உலகமெங்கும் மருத்துவர்கள் படித்து, நம்பி, சீட்டெழுதியது அச்சில் வந்ததை. சீட்டை வாங்கி விழுங்கியவர்களில் உங்கள் அண்ணனும் என் அத்தையும் இருந்திருக்கலாம்.

அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தை 13 ஆண்டு நடத்தியவர் தாமஸ் இன்செல். பதவியை விட்ட பிறகு, 2017இல் ஒரு பேட்டியில் மனம் திறந்தார். தம் காலத்தில் சுமார் 20 பில்லியன் டாலர் செலவானது, அருமையான விஞ்ஞானிகள் அருமையான கட்டுரைகள் எழுதினார்கள், ஆனால் தற்கொலை குறையவில்லை, மருத்துவமனைக்கு வருகிறவர்கள் குறையவில்லை, குணமாகிறவர்கள் கூடவில்லை என்பது அவர் சொன்னதன் சாரம். பணத்தையும் செலவழித்து, பலனில்லை என்று சொல்லும் துணிச்சலாவது அந்த மனிதருக்கு இருந்தது. நம் ஊரில் பலனில்லை என்பதை வேறு மாதிரி எழுதுவோம்: 'மேலும் ஆய்வு தேவை.'

எதற்கு மேலும்? தெரிய வேண்டியது எப்போதோ தெரிந்துவிட்டது. சுதந்திரத்துக்கு முந்தைய வருஷமே, 1946இல், போர் (Bhore) என்பவர் தலைமையிலான சுகாதாரக் குழு கணக்குப் போட்டுச் சொன்னது: இங்கிலாந்தில் 300 பேருக்கு ஒரு மனநல மருத்துவமனைக் கட்டில், இந்தியாவில் 40,000 பேருக்கு ஒன்று. கணக்கைப் படித்தோம், ஃபைலில் வைத்தோம். 1982இல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. அது மாவட்டத்துக்கு இறங்க 1996 ஆயிற்று. முதலில் நாடு முழுவதற்கும் நாலே மாவட்டம், அதில் ஒன்று நம் திருச்சி. பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16இல் 12 மாநிலங்களில் வீடு வீடாகப் போய்த் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடத்தியது. நேர்மையான, பெரிய வேலை. பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு, சுமார் 15 கோடிப் பேருக்குச் சிகிச்சை தேவை, நோய்க்கு நோய் வேறுபட்டாலும் 70 முதல் 92 சதவீதம் பேருக்கு அது கிடைப்பதில்லை என்று சொன்னது.

இதற்கு ஓர் அரசு என்ன செய்யும்? மருத்துவரை நியமிக்கும், தாலுகா மருத்துவமனையில் மாத்திரை தடையில்லாமல் வைக்கும். நாம் என்ன செய்தோம்? அந்த எண்களை ஆயிரக்கணக்கான கட்டுரைகளின் முன்னுரையில் மேற்கோள் காட்டினோம். நூற்றுக்கு எண்பது பேருக்குச் சிகிச்சை இல்லை என்று முதல் பத்தியில் எழுதிவிட்டு, அந்த எண்பது பேரில் ஒருவரைக்கூடப் பார்க்காமல் கடைசிப் பத்திக்குப் போய்விடும் திறமை நம்முடையது.

கணக்கு போதாது என்றால் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளைக் காசு வாங்கிக்கொண்டு அடைத்து வைத்திருந்த கீற்றுக் கொட்டகை. விடியும் முன் தீப்பிடித்தது. கால்களில் சங்கிலி. 28 பேர் செத்தார்கள். அவர்களால் தப்பித்து ஓட முடியாமல் போனது புத்தி பேதலித்திருந்ததால் இல்லை, பூட்டு போட்டிருந்ததால். சங்கிலி கெட்டது என்று நிறுவ எந்த அளவுகோல் வேண்டும், எத்தனை சாம்பிள் வேண்டும், பி மதிப்பு எவ்வளவு வர வேண்டும்? மனநோயாளியைச் சங்கிலியில் கட்டக் கூடாது என்று வெளிப்படையாகத் தடுக்கும் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் வர அதற்குப் பின் 16 வருஷம் ஆனது. அந்த இடைவெளியில் ஏர்வாடியைப் பற்றியும் கட்டுரைகள் வந்தன. அவற்றால் சிலருக்குப் பதவியும் வந்திருக்கும்.

ஆராய்ச்சியே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாராவது கிளம்புவதற்கு முன், ஓர் ஆராய்ச்சியைச் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் ஐந்து ஊர்களைத் தேர்ந்தெடுத்தது. சென்னை ஒன்று, கொழும்பு ஒன்று. தற்கொலைக்கு முயன்று அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்கள் 1,867 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பாதிக்கு, அதோடு கூட, வீட்டுக்கு அனுப்பும் சமயத்தில் ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்து பேசினார்கள். பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை போன் செய்தோ நேரில் போயோ, எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்தார்கள். புது மருந்து இல்லை. ஸ்கேன் இல்லை. மரபணு இல்லை. 2008இல் முடிவு வெளிவந்தது. 18 மாத முடிவில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையில் இறந்திருந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். ஆட்கணக்கில் சொன்னால், அங்கே 18 உயிர், இங்கே 2.

அங்கேயும் ஒன்பதுதான், இங்கேயும் ஒன்பதுதான். அவர்கள் ஒன்பது முறை கூப்பிட்டார்கள், நாம் ஒன்பதாவது கேள்வியோடு நிறுத்திக்கொண்டோம்.

சென்னையிலேயே நடந்த ஆய்வு இது. உங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்குப் போய், விஷம் குடித்துப் பிழைத்து வீட்டுக்குப் போனவரை யாராவது அடுத்த வாரம் கூப்பிடுகிறார்களா என்று விசாரித்துப் பாருங்கள். 2017 சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கக் கூடாது என்பதோடு நிற்கவில்லை. அவர் மறுபடி அந்த எண்ணத்துக்குப் போகாமல் சிகிச்சையும் பராமரிப்பும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் சொல்கிறது. வழி தெரியும், சட்டம் இருக்கிறது. 2022இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர், தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகம் எழுதி வைத்தது. மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாம்தான். எழுதி வைப்பதில் நம்மைப் போல யாரும் கிடையாது.

ஆகவே, இத்தனை நேரம் தம்பி தங்கைகளுக்குச் சொன்ன யோசனைகளை வாபஸ் வாங்கிக்கொண்டு, பெரியவர்களுக்குச் சிலவற்றைச் சொல்கிறேன்.

நெறிமுறைக் குழுவில் உட்கார்ந்து டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுக் கையெழுத்துப் போடும் பேராசிரியப் பெருமக்களே: தற்கொலை எண்ணம் பற்றிய கேள்வி உள்ள எந்த ஆய்வு உங்கள் மேஜைக்கு வந்தாலும் ஒன்று கேளுங்கள். ஆமாம் என்று பதில் வந்தால், அன்றே பார்த்து, அன்றே தொடர்பு கொள்ளப் போவது யார்? பெயர், செல்போன் எண், எத்தனை மணிக்குள். அந்த வரி காலியாக இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். பல்கலைக்கழகங்களே: தீசிஸின் முதல் பக்கத்தில் நன்றியுரைக்கு முன்னால் ஒரு கட்டம் போடுங்கள். இந்த ஆய்வில் ஆபத்தில் இருப்பதாகத் தெரியவந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் சிகிச்சைக்குச் சேர்த்தவர்கள் எத்தனை பேர்? இரண்டு எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால் பட்டம் கிடையாது. ஈரோட்டுக்குப் பிறகு சேலம் என்று ஊர் மாற்றும் தலைப்புகளைத் தூக்கி எறியுங்கள். அந்த மாணவரின் மூன்று வருஷத்தைப் பத்து நோயாளிகளைத் தொடர்ந்து கவனிக்கச் செலவழிக்கச் சொல்லுங்கள். அரசே: கணக்கெடுப்பு போதும். ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் போன் செய்து விசாரிக்க இரண்டு பேரை நிரந்தரமாக நியமியுங்கள். மாத்திரை இல்லை என்று ஒரு தாயைத் திருப்பி அனுப்பும் நாளில், அந்த மாவட்டத்து அதிகாரியை ஸ்டூலில் உட்கார வைத்து 22 கேள்வி கேளுங்கள்.

படிவத்தை நிரப்பச் சொல்லி வற்புறுத்தப்படும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நிரப்பும் முன், இதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிடப் போவது யார் என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை, இன்டர்னல் மார்க்கை விடப் பெரிய உரிமை. அந்த ஒன்பதாவது கேள்விக்கு ஆமாம் என்று சொல்லும் நிலையில் இன்று நீங்கள் இருந்தால், படிவத்தை மூடிவிட்டு 14416க்குப் போன் செய்யுங்கள். 2022 முதல் மத்திய அரசு நடத்தும் டெலி மானஸ் சேவை அது. தமிழிலும் பேசலாம், காசு இல்லை, எந்நேரமும் ஆள் உண்டு. மதிப்பெண் போட மாட்டார்கள்.

சாக நினைக்கிறாயா என்று ஒருவரைக் கேட்டுவிட்டால் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும், பதில் வந்தால் திரும்பக் கூப்பிட வேண்டும். அதற்கு ஓர் ஆளைப் போட வக்கில்லாத கல்லூரிக்கும் துறைக்கும் அரசுக்கும் அந்தக் கேள்வியைக் கேட்க உரிமை கிடையாது.